எங்க அம்மாவை எழுப்புறது எப்படி

மூன்றாம் வகுப்பு என்றால் நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் மூன்றாம் வகுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, எங்கள் பள்ளியில் முதலில் கை தட்டியது நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், புது ஏற்பாடு என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற வாத்தியாரம்மா என்று என்னை நினைத்துக்கொள்வீர்கள். குறை சொல்கிறவள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு வேலை மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்து சேருகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒரு மாகாணத்தில் பெருக்கலை முடித்துவிட்டு வந்திருக்கும், எங்களிடம் அது அடுத்த வருஷப் பாடம். இன்னொரு மாகாணத்திலிருந்து வந்தது தப்பில்லாமல் ஒரு பத்தி எழுதத் தெரியாமல் திருதிருவென்று முழிக்கும். அங்கே அதைக் கேட்கவே மாட்டார்களாம். பக்கத்தில் இருக்கிற வாண்டுகள் அதை மக்கு என்று சொல்லும். அதுவும் கொஞ்ச நாளில் தான் மக்குதான் என்று நம்ப ஆரம்பித்துவிடும். வயிறு எரியும் எனக்கு. ஆகவே, நாடு முழுக்க ஒரே அளவுகோல் வரட்டும், நல்லதுதான் என்று இருந்தேன்.

அளவுகோலில் நான்கு நிலை வைத்தார்கள். முதல் நிலை என்றால் எட்டவில்லை. இரண்டு என்றால் நெருங்குகிறது. மூன்று எட்டியது, நான்கு தாண்டியது. காகிதத்தில் எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மூன்று என்று சொல்வதை இன்னொரு ஊர் வாத்தியார் இரண்டு என்று சொன்னால் என்ன செய்வது? அதற்குத்தான் மாதிரித் தாள்கள் பொறுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். நாடு முழுக்கப் பிள்ளைகள் ஒரே நாளில், ஒரே கேள்விக்கு எழுதிய தாள்கள். அதில் இதுதான் ஒன்று, இதுதான் இரண்டு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட தாள்களை எடுத்து, கையெழுத்தோடு அப்படியே அச்சடித்து, கையேடாக எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவது ஏற்பாடு. பிறகு எந்த வாத்தியாரும் தன் இஷ்டத்துக்கு நிலை போட முடியாது.

நானும் அண்ணியும் சேர்ந்துதான் போனோம். அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அதற்கு முன்பே ஆசிரியப் பயிற்சியில் என் பக்கத்து பெஞ்சுக்காரி. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணனுக்குக் காட்டினேன். கல்யாணம் முடிந்ததும் கிண்டலுக்காக அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அவள் மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் என்னை 'டி' போட்டுத்தான் பேசுவாள். அவள் வேலை பார்ப்பது வேறு பள்ளி, நான் வேறு பள்ளி.

அவளுக்கு ஒரே பிள்ளை. சுண்டு என்று கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பான், வாய் மட்டும் காது வரைக்கும். என்னை அத்தை என்று கூப்பிட்ட ஒரே ஜீவன். போன வருஷம் அவன் மூன்றாம் வகுப்பு. அந்தப் பொதுத் தேர்வை அவனும் எழுதினான். எழுதிக்கொண்டிருக்கும்போதே தலை வலிக்கிறது என்று பென்சிலைக் கீழே வைத்தானாம். வகுப்பு டீச்சர் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணி போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவனுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி ஒரு தடவை அவன் பள்ளிக்குப் போய், அன்றைக்கு அவன் எழுதிய தாளைத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். கட்டி முத்திரை வைத்து மேலிடத்துக்குப் போய்விட்டது, திரும்பி வராது என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் எழுதினானா, பேப்பரை வெறுமனே வைத்துவிட்டானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மாதிரி பொறுக்கும் வேலைக்கு ஆள் கேட்டபோது அண்ணியே பெயர் கொடுத்தாள். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பொழுது நகர மாட்டேனென்கிறது என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அந்தந்தப் பகுதித் தாள் அந்தந்தப் பகுதி ஆசிரியர் கையில் வரக் கூடாது என்பதில் அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தார்கள். எங்கள் பகுதித் தாள்களைப் பக்கத்து மாகாணத்துக்கு அனுப்பிவிட்டு, வேறு எங்கிருந்தோ வந்த தாள்களை எங்களுக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் நாங்கள் உட்கார வேண்டிய கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. சீர் செய்ய நாளாகும் என்று சொல்லி, எங்களையெல்லாம் வண்டியில் ஏற்றி அந்தப் பக்கத்து மாகாணத்துக் கூடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதைத்தான் நம் ஆட்களின் சாமர்த்தியம் என்பது. தாளை எங்களிடமிருந்து ஒளித்து வைத்த இடத்திலேயே எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அப்போது அது ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. குளிர்சாதனம் ஓடுகிற கூடம், நல்ல நாற்காலி, வேளாவேளைக்கு டீ பிஸ்கட் என்று நான் சந்தோஷமாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

மேசைக்கு நான்கு பேர். எங்கள் மேசையில் நானும் அண்ணியும். மூன்றாவது ஆள் ஒரு கணக்கு வாத்தியார். மொழிப் பாடத்துக்கு ஆள் குறைகிறது என்று அவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். நாலாவது மேசைத் தலைவி. முப்பதைத் தாண்டாத பெண், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அடிக்கடி வாசல் பக்கம் போய், காவலாளியிடம் தன் போனை வாங்கிப் பேசிவிட்டு வருவாள். எங்கள் போன்களும் பைகளும் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு துண்டுக் காகிதம்கூட உள்ளே கொண்டுவரவோ வெளியே எடுத்துப் போகவோ கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர் எல்லாம் வெட்டி எடுத்தாகிவிட்டது.

வேலை இப்படி. தாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். ஒவ்வொருவரும் படித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். தன் சீட்டில் நிலையை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நாலு பேரும் முடித்ததும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவோம். நாலும் ஒரே நிலையாக இருந்தால் தாள் மாதிரிக்குப் போகும். வேறு வேறாக இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அந்தத் தாள் மேசைக்குக் கீழே இருந்த நீலப் பைக்குள் போகும். நீலப் பை சாயந்திரம் வெட்டும் இயந்திரத்துக்குப் போகும். பிள்ளைகள் எழுதியது கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்களாம். இன்னொரு விதியும் இருந்தது. யாருக்காவது எழுதிய பிள்ளை யாரென்று தெரிந்துவிட்டால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளும் நீலப் பைதான்.

கேள்வி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, அது தெரியாத ஒருவர் செய்யும்படி வரிசையாக எழுது. பல் தேய்ப்பது, சைக்கிள் துடைப்பது, தம்பியைத் தூங்க வைப்பது என்று விதவிதமாக எழுதியிருந்தன. பல் தேய்ப்பதைப் படித்துப் படித்து எங்களுக்கே வாய் நுரை தள்ளும் போலிருந்தது. கணக்கு வாத்தியார் நல்ல மனுஷன், ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தார். அண்ணிகூட இரண்டொரு தடவை சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்து, வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அந்தத் தாள் முதலில் அவளிடம்தான் வந்தது. படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். என்ன அண்ணி, தூங்கிட்டியா என்று கேட்க வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். உறையை என் பக்கம் தள்ளினாள். தாளில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தது.

எங்க அம்மாவை எழுப்புறது எப்படி. கூப்பிட்டு எழுப்பக் கூடாது. பயந்துடுவாங்க. கால் கட்டை விரலைப் புடிச்சு ஆட்டணும். அஞ்சு நிமிசம்னு சொல்லுவாங்க. அது பொய். அப்புறம் கண்ணாடியை எடுத்துக் கையில குடுக்கணும். கண்ணாடி செருப்புக்குள்ள இருக்கும். மொதல்ல செருப்பைத் தேடணும். இதை முன்னாடியே எழுதியிருக்கணும். திரும்பிப் படுத்தாங்கன்னா முதுகு மேல ஏறிப் படுத்துக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி நாம எந்திரிச்சிருக்கணும். சிரிச்சாங்கன்னா எந்திரிச்சிட்டாங்கன்னு அர்த்தம். சிரிக்கலன்னா

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் தாள்.

செருப்புக்குள் கண்ணாடியை வைத்துவிட்டுப் படுக்கிற ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து என் அண்ணிதான். பயிற்சிக் காலத்து விடுதியிலிருந்தே அந்தப் பழக்கம். எழுந்ததும் கால் போகிற இடத்தில் கண்ணாடி இருக்க வேண்டுமாம். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தும் எனக்குத் தெரியும். 'ண' எழுதும்போது சுழி எத்தனை என்று மறந்துபோய்ச் சுற்றிக்கொண்டே போவான். பக்கத்தில் அவள் சீட்டையும் பென்சிலையும் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் என் சீட்டில் மூன்று என்று போட்டேன். யோசித்துப் போடவில்லை. என் பிள்ளைக்கு வேறு என்ன போடுவேன்.

தாள் கணக்கு வாத்தியாரிடம் போனதும் அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "செருப்புக்குள்ள கண்ணாடியாம். எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, இதே வாய்" என்றார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆசையாகத்தான் சிரித்தார். இருந்தாலும் எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. மேசைத் தலைவியும் படித்துச் சிரித்தாள். சீட்டுகளைத் திருப்பினோம். அவர் ஒன்று, அவள் ஒன்று, நான் மூன்று. அண்ணியின் சீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மேசைத் தலைவி பொறுமையாகக் கேட்டாள், டீச்சர் எதனால் மூன்று போட்டீர்கள் என்று. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளி விட்டேன். பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றேன், கவனித்து எழுதியிருக்கிறது என்றேன், தான் செய்த தப்பைத் தானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறதே, அது நாலாம் நிலைக்காரனுக்குக்கூட வராதே என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வரிசை எங்கே டீச்சர் என்றாள். கேட்டது வரிசையாக எழுதத் தெரிகிறதா என்பதுதானே, இதில் முதல் படி கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது, கடைசிப் படி வரவே இல்லை என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. வேறு பிள்ளை எழுதியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கணக்கு வாத்தியார் தாளைக் கையில் எடுத்தார். "டீச்சர், சுருக்கமா ஒண்ணு கேக்கறேன். இதைப் படிச்சிட்டுப் போய் நான் இவங்க அம்மாவை எழுப்ப முடியுமா?"

"முடியும்" என்றாள் அண்ணி. மேசைத் தலைவி அவளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, எல்லாரும் களைத்திருக்கிறோம், டீ குடித்துவிட்டு வந்து இதை முடிப்போம் என்று எழுந்தாள்.

டீ பாத்திரம் வராந்தாக் கோடியில் இருந்தது. நான் அண்ணியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். போய்ச் சொல்லிவிடுகிறேன், இவன் எங்கள் பிள்ளை, இவன் இருந்தால் இந்நேரம் வரிசையாக எழுதிக் கிழித்திருப்பான், செத்துப்போன பிள்ளையை வைத்து எட்டவில்லை, எட்டவில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிடுகிறேன் என்று குதித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நீலப் பைடி" என்றாள்.

அது எனக்கு அந்தக் கோபத்தில் மறந்தே போயிருந்தது. சரி, சொல்லவில்லை, ஒளித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எண்ணித்தான் கட்டுவார்கள், ஒன்று குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும், கைக்குழந்தைக்காரி என்றாள். இந்த நிலைமையிலும் இவளுக்கு அடுத்தவள் வேலை. அப்போ மூன்று என்றே சண்டை போடுவோம், நாம் இரண்டு பேர் இருக்கிறோமே என்றேன்.

"அவங்க மூணு போட மாட்டாங்க. போடவும் கூடாது. நாம இழுத்துக்கிட்டே இருந்தா ஒத்து வரலைன்னு சொல்லிப் பைல போட்டுருவாங்க." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். "அவன் நோட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம்டி. எந்தப் பக்கத்துல எங்க அடிச்சிருக்கான்னுகூடத் தெரியும். இனிமே அவன்கிட்ட இருந்து புதுசா ஒண்ணும் வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இது புதுசு. நான் படிக்காதது. இதைக் கத்தில வெட்டக் குடுக்க என்னால முடியாது."

என்ன செய்யப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாரும் ஒரே நிலை போட்ட தாள்தான் கையேட்டில் அச்சாகும். எல்லாரும் ஒரே நிலை போட ஒரே வழிதான் இருந்தது. வேண்டாம் அண்ணி என்றேன். ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை வாத்தியாரும், மக்குப் பிள்ளை எப்படி எழுதும் என்பதற்கு நம் சுண்டுவைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், வேண்டாம் என்றேன். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. நேரமாச்சு வா என்றாள்.

உள்ளே போனபோது பக்கத்து மேசைகளில் சாப்பாட்டுக்கு எழ ஆரம்பித்திருந்தார்கள். மேசைத் தலைவி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை டீச்சர், ஒரு தாளுக்காக இவ்வளவு வருத்தப்பட வேண்டாம், இதை விட்டுவிடலாம் என்று சொல்லி நீலப் பையைக் காலால் இழுத்தாள். அவளுக்கு எங்கள் மேல் இரக்கம். இரக்கப்பட்டுத்தான் அதைச் செய்தாள்.

"இருங்க" என்றாள் அண்ணி. பென்சிலை எடுத்துத் தன் சீட்டில் எழுதித் திருப்பி வைத்தாள். ஒன்று.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் சீட்டைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி. மேசைக்குக் கீழே அண்ணி தன் கையை என் முழங்காலில் வைத்தாள். தட்டவில்லை, கிள்ளவில்லை, சும்மா வைத்திருந்தாள். அத்தை அத்தை என்று என் காலைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு நான் என் கையாலேயே மூன்றை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். போட்ட பிறகு அந்த ஒன்றைப் பார்க்கப் பிடிக்காமல் சீட்டைக் கவிழ்த்தேன். திருப்பி வையுங்கள் டீச்சர் என்றார் கணக்கு வாத்தியார்.

இதோடு முடிந்திருக்கலாம். மாதிரிக்குப் போகிற தாளுக்குக் காரணம் எழுதி ஒட்ட வேண்டும். கடைசியாகக் கருத்தை மாற்றியவர்தான் அதை எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம், அவர்தான் இரண்டு பக்கமும் யோசித்திருப்பாராம். நான் எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். அண்ணி காரணச் சீட்டை என்னிடம் கொடுக்கவில்லை. கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். பிள்ளைக்கு இந்த வேலை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் படிகள் முன்பின்னாக உள்ளன. கடைசிப் படி எழுதப்படவில்லை. தெரியாத ஒருவர் இதைப் படித்து இந்த வேலையைச் செய்ய இயலாது.

மேசைத் தலைவி படித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரத்தில் இதுதான் கச்சிதமான காரணம் என்று பாராட்டினாள். அண்ணி நன்றி என்றாள். தாளையும் காரணத்தையும் சேர்த்துப் பச்சை அட்டைக்குள் வைப்பதற்குமுன், ஒரு நிமிஷம் என்று கேட்டு வாங்கி, இன்னொரு தடவை படித்தாள். எங்களைச் சாப்பிடப் போகச் சொன்னாள். கணக்கு வாத்தியார் போனார். நான் போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கையேடு வரட்டும், கையில் கொடுத்தே சொல்லலாம், வராமல் போனால் ஏமாந்துபோவான் என்றாள். என் அண்ணன் பஸ் பட்டறையில் மெக்கானிக். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான், பிள்ளைக்கு அந்த வாய் அவனிடமிருந்துதான் வந்தது. இப்போது வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். அண்ணியை எழுப்ப இப்போது யாரும் தேவையில்லை. விடியும் முன்பே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாளாம். அண்ணன்தான் ஒரு நாள் சொன்னான்.

கையேடு வர அடுத்த பள்ளி ஆண்டு ஆகிவிட்டது. பள்ளிக்கு ஒன்று. எங்கள் பள்ளியில் மத்தியான இடைவேளையில் பிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நான் பயந்த மாதிரிதான் நடந்தது. ஒரு டீச்சர் சத்தமாகப் படித்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள், யார் பெத்த பிள்ளையோ, அந்த அம்மாவுக்கு மானம் போச்சு என்று ஒருத்தி சொன்னாள். முதுகில் ஏறிப் படுப்பதைக் கேட்டு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இதுதான் ஒன்று, இப்படி வந்தால் ஒன்று போடுங்கள் என்று தலைமையாசிரியர் குறித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனால் கையேடு என் கைக்கு வந்தபோது அதில் அவன் எழுத்து இருந்தது. பென்சில் அழுத்தி எழுதிய இடம் கறுப்பாக, அழுத்தாத இடம் சாம்பலாக, சுழி அதிகமான 'ண' உட்பட அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணி செய்தது சரிதான் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

சாயந்திரம் பள்ளி விட்டதும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் பள்ளிக்கும் வந்திருந்தது. தலைமையாசிரியரிடம் ஒரு ராத்திரிக்கு என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். அண்ணன் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கிரீஸ் பட்டுவிடக் கூடாதென்று விரலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். கட்டை விரலைப் பிடித்து ஆட்டணும் என்ற இடத்தில் சிரித்தான். அண்ணன் சிரித்து எத்தனை காலமாயிற்று. அஞ்சு நிமிஷம் பொய்யாமே என்று அண்ணியைப் பார்த்தான். அவளும் சிரித்தாள். நான் வாசற்படியிலேயே நின்று, இது போதும், நாடே சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

கடைசி வார்த்தைக்கு வந்ததும் அண்ணன் பக்கத்தைத் திருப்பினான். மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று நினைத்திருப்பான். இருந்தது. நானும் அண்ணியும் அவன் எழுத்து இருந்த பக்கத்தைத் தாண்டிப் புரட்டவே இல்லை, எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது. கையேடு தயாரித்தவர்கள், ஆசிரியர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, ஒன்றாம் நிலைத் தாள் ஒவ்வொன்றையும் மூன்றாம் நிலையில் திருத்தி எழுதி அடுத்த பக்கத்தில் போட்டிருந்தார்கள். அச்செழுத்தில், எண் போட்டு, வரிசையாக. முதலில் நாம் எழுந்திருக்க வேண்டும். பிறகு அம்மாவின் காலணியைத் தேட வேண்டும். அதிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனான். அவன் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. முதுகில் ஏறிப் படுப்பதை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசிப் படியையும் அவர்களே எழுதி முடித்திருந்தார்கள்.

அம்மா சிரிக்காவிட்டால், அவரைத் தொந்தரவு செய்யாமல் அறையை விட்டுச் சென்றுவிட வேண்டும்.

அண்ணன் அதைப் படித்துவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். இது பிள்ளை எழுதினதா என்று கேட்டான். இல்லை அண்ணா, யாரோ அதிகாரி எழுதியது என்று நான்தான் சொன்னேன். அண்ணி மேசைக்கு வந்து, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியைக் குனிந்து பார்த்தாள். மறுபடி மறுபடி பார்த்தாள். அந்தக் கூடத்தில் அழாதவள், குழாயடியில் அழாதவள், அப்போது உடைந்தாள்.

"அவன் அப்படிப் போற ஆள் இல்லடி" என்றாள். "நான் சிரிக்கிற வரைக்கும் அவன் என்னை விட்டுப் போனதே இல்ல."